தேதித்தாளில் வட்டங்கள்

அன்று என் வலது கையின் மூன்று விரல்கள் பேனாவைப் பிடிக்கவில்லை. பிடித்ததாகத்தான் நினைத்தேன். கண்ணுக்குப் பேனா விரல்களின் நடுவே இருந்தது, விரல்களுக்கு அது இல்லை. நழுவி விழுந்து, மேசைமேல் உருண்டு, குத்தகைப் பதிவு தாசில்தாரின் காகிதக் கட்டில் முட்டி நின்றது. எடுத்தேன். மறுபடியும் விழுந்தது. மூன்றாம் முறை சேவகர் பேனாவை எடுத்துத் தன் பையில் செருகிக்கொண்டு மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"ரேகையே வச்சிடும்மா. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

வைத்தேன். கட்டைவிரலுக்கு மை ஈரமாக இருந்ததா, காய்ந்திருந்ததா என்று தெரியவில்லை.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டவள் நான். என் மாமனார் பண்ணையாளாக இருந்து செத்தவர். அவர் வாழ்நாளில் தொட்ட எல்லாத் தாளிலும் மைவிரல்தான். என் கணவர் எழுத்துக்கூட்டிப் படிப்பார், பேர் மட்டும் எழுதுவார். நான் பத்தாவது முடித்தவள். தாள், பதிவு, மனு என்று எது வந்தாலும் என் கைக்கு வரும். அந்தக் கை அன்று ரேகை வைத்தது. வெட்கமாக இருந்திருக்க வேண்டும். எதுவும் இல்லை. விரலில் இல்லாதது மேலே எங்கும் ஏறவில்லை.

எதிரே நிலச் சொந்தக்காரரின் காரியக்காரர் நின்றார். நிலத்தைப் பார்த்துக்கொள்ளவும் ஆளை அதட்டவும் வைத்திருக்கிற மனிதர். ஆட்சி மாறுவதற்கு முன்னால் என் கணவரை 'டேய்' என்று கூப்பிட்டவர். பிறகு ஊருக்குள் இரண்டு நிறத்தில், மூன்று நிறத்தில், ஒரே சிவப்பில் என்று கட்சிக் கொடிக்கம்பங்கள் வந்துவிட்டதால் 'தம்பி' ஆக்கிவிட்டார்.

"பத்தாவது படிச்ச பொண்ணுன்னு சொன்னீங்களே தம்பி. மை நல்லாத்தான் ஒட்டுது."

பிறகு தாசில்தார் பக்கம் திரும்பி, சிரிப்பைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "அய்யா, இந்தத் தேதித்தாளெல்லாம் இந்தம்மா எழுதினதுன்னுதான் கொண்டாந்திருக்காங்க. எழுதத் தெரிஞ்ச கையா அது? நீங்களே பாத்தீங்க."

தாசில்தார் என் விரலைப் பார்த்தார், ரேகையைப் பார்த்தார், தாள்களைப் பார்த்தார்.

"அடுத்த வாய்தாவுல என் முன்னாடி எழுதிக் காட்டட்டும். கையெழுத்து ஒத்துப்போனா எடுத்துக்கிறேன். இல்லேன்னா தாளெல்லாம் சாட்சியில சேராது."

மூன்று வாரம் தள்ளி ஒரு தேதி.

அந்தத் தாள்களைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நாள்காட்டியில் தினம் கிழிக்கிறோமே, தேதித்தாள், அதுதான். கிழித்ததை நான் எறியமாட்டேன். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அதில் அன்றைக்கு வயலில் என்ன நடந்தது, யார் இறங்கினோம் என்று ஒரு வரி எழுதிக் கம்பியில் குத்திவைப்பேன். 'நாற்று விட்டோம், இரண்டு பேரும்.' 'மடை உடைப்பு, அவர் மட்டும்.' கைக்கு எழுத்து வேண்டியிருந்தது. பேப்பர் வாங்க வழியில்லை. அவ்வளவுதான். பிறகு சட்டம் வந்தது, சட்டத்துக்குப் பின்னால் சண்டை வந்தது. சொந்த உடம்பால் உழைத்துப் பயிர் செய்கிறவன்தான் குத்தகை சாகுபடியாளன், அவன் பெயர் பதிவேட்டில் ஏறும் என்றார்கள். எங்கள் குத்தகை ஒன்றரை ஏக்கரில் நாங்கள் இறங்கியதே இல்லை, கூலிக்கு வந்து போனோம், பயிர் பண்ணையின் சொந்தச் சாகுபடி என்று காரியக்காரர் எதிர்மனு போட்டார். ஊரில் எவர் சாட்சி சொல்லுவார். சொல்லுகிறவருக்கு மறுநாள் வேலை இருக்காது. கம்பியில் குத்தியிருந்த தாள்களைத் தவிர எங்களிடம் எதுவும் இல்லை.

அதே தாள்களில் வட்டங்களும் இருந்தன.

எனக்கு ஒற்றைத் தலைவலி. பெண்ணாகப் பெரியவளான வருஷத்திலிருந்து கூடவே இருக்கிறது. முதலில் இடது கண்ணின் ஓரத்தில் வெளிச்சம் நெளியும், நடவு வயலில் தண்ணீர்மேல் வெயில் நெளிகிற மாதிரி. கண்ணை மூடினாலும் நெளியும். அரைமணி நேரத்தில் அது கரைந்து, கண்ணுக்குப் பின்னால் யாரோ உலக்கை போட ஆரம்பிப்பார்கள். வழக்குக்கு இரண்டு வருஷம் முன்னால் டவுனில் ஒரு டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். வெளிச்சம் நெளிய ஆரம்பித்ததும் ஒரு மாத்திரை. அடங்கியது. உலக்கை நின்ற அந்த முதல் மத்தியானம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. வாய்க்கால் தண்ணீர் ஓடுகிற சத்தம் வலிக்காமல் கேட்டது.

சாப்பிட்ட நாளில் தேதித்தாளின் மூலையில் ஒரு வட்டம் போடுவேன். ஆரம்பத்தில் மாதத்துக்கு இரண்டு வட்டம்.

சீட்டின் அடியில் ஆங்கிலத்தில் இன்னொரு வரி இருந்தது. சீட்டை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போவேன், மடிப்பு சரியாக அந்த வரிமேல் விழுந்து தேய்ந்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். நான் படியேறுவதைக் கண்டதுமே பத்து மாத்திரை வெட்டிவைப்பார்.

அந்த வருஷம் இரண்டாம் போகமான தாளடி நடவில் நான் ஒருநாள்கூட வீட்டில் படுக்க முடியாது. எங்கள் கை அந்தச் சேற்றில் இருப்பதை ஊர் பார்க்க வேண்டும். பண்ணையின் ஆட்கள் நாற்றுமுடியோடு வந்து நட்டுவிட்டால் நிலம் அவர்கள் சாகுபடி என்று ஆகிவிடும். தலைவலி என்று ஒருநாள் படுத்தால் அன்றைக்கு வருவார்கள். ஆகவே வலி வந்தபின் சாப்பிடுகிற மாத்திரையை வலி வருமுன் சாப்பிட ஆரம்பித்தேன். இறங்குமுன் ஒன்று. வாய்தாவுக்குப் பஸ் ஏறுமுன் ஒன்று. பிறகு கரையேறும்போதும் ஒன்று, ஏனென்றால் சாயங்காலமானால் வலி தானாக வந்து நின்றது, மாத்திரை எங்கே என்று கேட்கிற மாதிரி. வட்டம் தினம் விழுந்தது. வட்டத்துக்குள் வட்டம் விழுந்தது.

ஐப்பசி மழை. கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண். எல்லோருக்கும் வருவதுதான், எனக்குச் சீழ் வைத்துவிட்டது. பக்கத்து ஊர் மருந்தகத்தில் காட்டினேன். பத்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். "வேற ஏதாச்சும் சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்களா, இல்லையா, நினைவில்லை. கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். காலைக் காட்டப் போனவள் தலையைப் பற்றி எதற்குப் பேசுவேன்.

மூன்றாம் நாள் விரல்கள் குளிர்ந்தன. நான்காம் நாள் நாற்றைப் பிரித்து ஊன்றினால், ஊன்றினேனா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

நடவு வரிசையில் என் இடப்பக்கம் நிற்கிற அக்காவிடம் சொன்னேன். அவர் நிமிராமலே சொன்னார்.

"சேறு குடிச்ச கை அப்படித்தாண்டி. எனக்கு மார்கழி வரைக்கும் மோதிரம் போட்டாலும் தெரியாது, கழட்டினாலும் தெரியாது."

"மோதிரம் எங்கக்கா இருக்கு உனக்கு?"

"அதான் சொல்றேன். இருந்தா மட்டும் தெரியவா போவுது."

வரிசை முழுக்கச் சிரித்தது. எல்லோருக்கும் மரத்த விரல். என் விரலும் அந்த வரிசையில் ஒன்று என்று நான் நம்பினேன். சேறு இல்லாத ஊர்க்காரியாக இருந்திருந்தால் அன்றே பயந்திருப்பேன். சாயங்காலம் அக்கா சொன்னபடி தவிட்டை வறுத்துத் துணியில் கட்டிக் கைக்கும் காலுக்கும் ஒத்தடம் கொடுத்தேன். சூடே தெரியவில்லை, இன்னும் வறுத்தேன். காலையில் பார்த்தால் இடது பாதத்தில் அவித்த பனங்கிழங்கின் தோல்போல உரிந்து கொப்புளம். அதுவும் வலிக்கவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் அந்த வாய்தா, அந்த மை.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தேன். பாபநாசம் தாண்டியதும் என் கணவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பார்த்தார். மையைத் துடைக்கத்தான் எடுத்தார். துடைத்தபின்னும் கையை விடவில்லை. மையில்லாத விரல்கள் நீரூற்றிய பழஞ்சோறு மாதிரி வெளுத்திருந்தன.

"நம்ம ஸ்டாப்பு," என்றேன்.

"வரட்டும்."

பஸ் நின்றது, இறங்குகிறவர்கள் இறங்கினார்கள். அவர் கண்டக்டரைக் கூப்பிட்டுத் தஞ்சாவூருக்கு இரண்டு டிக்கெட் கேட்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தது ஒரு பெண் டாக்டர். என் மணிக்கட்டில் விரலை வைத்தார். இடம் மாற்றி வைத்தார். பாதத்தில் வைத்தார். முகம் மாறவில்லை, பேச்சு மட்டும் மெதுவாகிவிட்டது.

"எத்தனை நாளா இப்படி?"

"நாலஞ்சு நாளாங்க. நடவுக் காலமுங்க, சேத்துல நிக்கிறது."

"சேத்துல நின்னா நாடி காணாமப் போவாதும்மா. என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"கால் புண்ணுக்குக் குடுத்தாங்க."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லீங்க."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வெளிச்சத்துக்கு இடது கண்ணை முந்தானையால் மறைத்திருந்தேன். வழக்கமாகச் செய்வது, எனக்கே தெரியாது.

"தலைவலி உண்டா?"

"அது எப்பவும் உள்ளதுங்க."

"அதுக்கு மாத்திரை?"

"அதுவும் எப்பவும் சாப்பிடறதுதாங்க."

"நான் கேக்கறது அந்த எப்பவும் சாப்பிடறதைத்தான். எத்தனை?"

வாய்தாவுக்குக் கொண்டுபோன தாள்கட்டு மஞ்சள் பையில் அப்படியே இருந்தது. என் கணவர் எடுத்து மேசைமேல் வைத்தார். டாக்டர் நாற்றையும் மடையையும் விட்டுவிட்டு மூலைகளைப் பார்த்துக்கொண்டே போனார். புரட்டப் புரட்ட வட்டங்கள் நெருங்கின. கடைசிப் பத்துத் தாள்களைத் தனியாக எடுத்துப் பரப்பினார். பிறகு முந்தானையை அவிழ்க்கச் சொல்லிச் சீட்டை வாங்கி, விளக்குக்கு எதிரே பிடித்து, மடிப்பில் செத்துப்போயிருந்த வரியைப் படித்தார்.

"வாரத்துக்கு ரெண்டு நாளுக்கு மேல சாப்பிடக் கூடாதுன்னு எழுதியிருக்கார். உங்களுக்கு யாரும் சொல்லலியா?"

"மடிஞ்சுபோச்சுங்க."

அந்தப் பதிலுக்கு அவர் திட்டவில்லை. பிறகு சொன்னதை எனக்குப் புரிகிறபடிதான் சொன்னார். இந்த மாத்திரையின் மருந்து தானியத்தில் பிடிக்கிற ஒரு பூஞ்சணத்திலிருந்து வருகிறது. தலைக்குள் விரிந்த இரத்தக் குழாயைச் சுருக்கிவிடும், அதனால் வலி நிற்கும். அளவு மிஞ்சினால் தலையோடு நிற்காது, கையிலும் காலிலும் குழாயை நெரிக்கும். தினம் சாப்பிட்டால் மருந்தே தினம் தலைவலியைக் கொண்டுவரும், அதற்கு இன்னொன்று சாப்பிடத் தோன்றும். இதோடு புண்ணுக்குக் கொடுத்த மாத்திரை சேர்ந்துவிட்டது. அது இந்த மருந்தை உடம்பைவிட்டுப் போகவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே உடம்பில் சேரவே கூடாது.

எங்கள் பக்கம் கதிரில் ஒன்றிரண்டு மணி பழம்போல உப்பி மஞ்சள் பொடி கொட்டும். நெல்பழம் என்போம், அந்த வருஷம் விளைச்சல் நன்றாக இருக்கும் என்று சந்தோஷப்படுவோம். தானியத்தின் நோய் என்றதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. வேறு ஏதோ ஊரில் வேறு ஏதோ கதிரில் பிடித்த நோய் மாத்திரையாகி வந்து என் விரலில் உட்கார்ந்திருந்தது. இதைக் கேட்டு நான் பயப்படவில்லை. ஒன்றுதான் கேட்டேன்.

"கை எழுதுமாங்க?"

"விரல் பொழச்சா எழுதும். ரெண்டு மாத்திரையும் இன்னையோட நிறுத்தணும். புகையிலை போடுவீங்களா? போடாதீங்க. ஒத்தடம் கூடவே கூடாது. ரத்தம் ஓடறதுக்கு ஊசி போடறோம். ஆனா ஒண்ணு. நிறுத்தினா தலைவலி முன்னவிடப் பெருசா வரும். பத்து நாள், பதினஞ்சு நாள். அதைத் தாண்டணும்."

"மூணு வாரத்துல வாய்தாங்க," என்றார் என் கணவர்.

"அப்ப இன்னைக்கே படுக்கட்டும்."

பெண்கள் வார்டில் ஜன்னலுக்கு எதிர்ப்புறம் கட்டில் கிடைத்தது. கையில் சொட்டுச் சொட்டாக ஏறியது. கை காலைப் பஞ்சில் சுற்றிவைத்தார்கள், நாற்றங்காலில் வைக்கோல் பொம்மையைக் கட்டிவைத்த மாதிரி கிடந்தேன். இரண்டாம் நாளிலிருந்து உலக்கை. நான் அதைப் பற்றி எழுத முயன்ற பக்கங்கள் நிறைய, எல்லாமே பொய். வலி இருந்தது, நான் இல்லை. நர்ஸ் வாளியை வைப்பார், எடுப்பார். பக்கத்துக் கட்டில் பெண்மணி சீர்காழிப் பக்கம். "யாரு செத்துட்டாங்க உங்க வீட்டுல, இப்படிக் கெடக்கீங்களே," என்று விசாரித்தார். யாரும் இல்லை என்று விரலை அசைத்தேன். அசைந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் விட்டு ஒருநாள் என் கணவர் வருவார். கட்டிலின் கீழே உட்கார்ந்து ஊர்ச் சேதி சொல்லுவார். பண்ணை ஆட்கள் நாற்றோடு வந்தார்களாம். அக்காவும் மற்றவர்களும் வரப்பில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்களாம். அக்கா காரியக்காரரைப் பார்த்து, "வரப்பு பொது வழிதானுங்களே, கால் மரத்துப்போச்சு, எழுந்திரிக்க முடியல," என்றாராம். பொழுது சாய்ந்து அவர்கள் போனபிறகு இவர் ஒருவராகவே மிச்ச வயலை நட்டாராம். ஆண் நட்ட நடவு எப்படி இருக்கும் என்று கேட்டேன். "கோணலா இருக்கு. பச்சையாத்தான் இருக்கு," என்றார்.

ஆறாம் நாள் மத்தியானம். வார்டு சாப்பிட்டுத் தூங்கியது. முந்தானை முடிச்சில் மூன்று மாத்திரை மிச்சம் இருப்பது எனக்குத் தெரியும். சீட்டை அவிழ்த்துக் கொடுத்தேனே தவிர மாத்திரையைக் கொடுக்கவில்லை, அது இன்னொரு முடிச்சு. ஆறு நாளும் அதை நினைத்தேன் என்று சொன்னால் குறைத்துச் சொல்கிறேன். ஒன்று போட்டால் ஒருமணி நேரம் வாய்க்கால் சத்தம் வலிக்காமல் கேட்கும். ஒன்றுதானே. பஞ்சை உருவி எறிந்துவிட்டு முடிச்சைப் பிடித்தேன்.

துணிக்கு உள்ளே உருண்டையாக ஒன்று தட்டுப்பட்டது.

கண்ணை மூடியிருந்தேன். பார்க்காமலே தெரிந்தது. ஆள்காட்டி விரலுக்குத் தெரிந்தது. உருட்டினேன், உருண்டது. இரண்டாவதும் இருந்தது, மூன்றாவதும். நடுவிரலில் எறும்பு ஊர்கிற மாதிரி, பிறகு நெருப்பை வைத்த மாதிரி எரிந்தது. முடிச்சை அவிழ்க்காமல் அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் கிடந்தேன். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு முந்தானையை நீட்டினேன்.

"என்னம்மா இது?"

"எடுத்துட்டுப் போயிடுங்க."

அவர் அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "மறைச்சு வச்சிருந்தீங்களா? நல்ல ஆளு," என்றார்.

பதினாறாம் நாள் அனுப்பினார்கள். இடது காலின் சுண்டுவிரல் நுனி கறுத்துவிட்டது. பிறகு அது தானே உதிர்ந்தது. கொப்புளம் இருந்த இடத்தில் இன்னும் வழுவழுப்பாக ஒரு தழும்பு. அந்த மாத்திரை இனி என் வாழ்நாளில் கிடையாது என்று டாக்டர் சொன்னார். வேறொரு மாத்திரை எழுதினார், வாரத்துக்கு இரண்டு நாள், அதற்குமேல் தேவைப்பட்டால் மருந்துக்கடைக்குப் போகாமல் தன்னிடம் வரவேண்டும் என்று என்னையே தமிழில் எழுதவைத்தார். எந்த டாக்டரிடம் எதற்காகப் போனாலும், கால் முள்ளுக்குப் போனாலும், அந்தத் தாளை முதலில் நீட்ட வேண்டும். வட்டம் போடுவதை மட்டும் நிறுத்தாதீர்கள் என்றார்.

வாய்தா அன்று காலை இடது கண்ணில் வெளிச்சம் நெளிந்தது. அந்த வாரத்தின் இரண்டு நாளும் முடிந்திருந்தன. ஈரத்துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

தாசில்தார் வெள்ளைத்தாள் ஒன்றை வைத்தார். சேவகர் அதே பேனாவைக் கொடுத்தார். அதன் கழுத்தில் ஒரு வெடிப்பு இருந்தது. போன தடவை எனக்கு அது தெரியாது.

"எழுதுங்க. 'தாளடி நடவு, இரண்டு பேரும் இறங்கினோம்.'"

எழுதினேன். கோணலாக வந்தது, தலைக்குள் உலக்கை விழும்போதெல்லாம் ஓர் எழுத்து மேலே ஏறியது. அவர் ஒரு தேதித்தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். 'ள' வையும் 'ற' வையும் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். காரியக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அதென்ன மூலைக்கு மூலை வட்டம்? பௌர்ணமியா?" என்றார். "ஐப்பசியில மட்டும் தினமும் பௌர்ணமி வந்திருக்கே."

தாசில்தாரும் வட்டத்தைக் காட்டி என்னைப் பார்த்தார்.

"மாத்திரைங்க. தலைவலிக்குச் சாப்பிட்டது."

"இத்தனையா?"

"இத்தனைதாங்க. அதான் போன தடவை பேனா விழுந்துச்சு."

அவர் தாள்களை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை விசிறிப் பார்த்தார். "கேஸுக்காக உட்காந்து எழுதினவங்க தலைவலிய எழுத மாட்டாங்க," என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டு, ஒவ்வொரு தாளிலும் சின்னதாக ஒப்பமிட ஆரம்பித்தார். மாசியில் உத்தரவு வந்தது. என் கணவர் பெயர் பதிவேட்டில் ஏறியது. அன்று வீட்டில் என்ன சமைத்தோம் என்றுகூட எனக்கு ஞாபகமில்லை.

அந்த வாய்தா நாளிலேயே வாக்குமூலத்தின் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மேல்பக்கத்தில் என் ரேகை இருந்தது. அதன் கீழே பெயரை எழுதினேன். வெடிப்பு விரலை அறுத்தது. இறுக்கிப் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்து தேதியைக் கிழித்தேன். திருப்பிப் போட்டு, 'வாய்தா. இரண்டு பேரும் போனோம். எழுதினேன். தலை வலிக்கிறது' என்று எழுதிக் கம்பியில் குத்தினேன். மூலையில் எதுவும் போடவில்லை.